எமோசி பாறைக்கு வாங்க

வாசிதிக்கு நீந்தத் தெரியாது. தீவின் நடுவே மலை ஊரில் பிறந்து இந்தக் கடற்கரை ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருபது வருஷமாகியும் முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள்தான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கடல்னா எனக்கு உசுருங்க, ஒரு நாள் கடலைப் பாக்கலேன்னா சோறு இறங்காது" என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாபாரம் என்று வந்த பிறகு கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நாவுலோ ஊரில் அவள் புருஷன் எமோசியிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. சவுசவு டவுனில் தங்கும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பவளப்பாறைமேல் தூண்டில் போட வைத்து, மணல்திட்டில் இறக்கி, பிடித்த மீனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து மரவள்ளிக் கிழங்கோடு கொடுத்து அனுப்புவதுதான் தொழில். வருகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் படகு தென்னை நிழலில் கவிழ்ந்து கிடக்கும். லம்பாசா நகரத்தில் தங்கிப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இது எப்படிப் போதும்? "நாமளும் வீடியோ போடுவோம்" என்று ஆரம்பித்தவள் வாசிதிதான்.

ஆரம்பத்தில் எமோசியைப் பேச வைத்துப் பார்த்தாள். ஃபோனைக் கண்டதும் மனுஷன் நட்டுவைத்த கம்பம்போல் ஆகிவிடுவான். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. "சிரிங்களேன்" என்றால் பல் வலிக்காரன்போல் வாயைத் திறப்பான். பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எடுப்பதைச் சொல்லாமலே எடுப்பது. மீன் இழுக்கிற நேரத்தில் எமோசி தன்னை மறந்துவிடுவான். உடம்பு முழுக்க ஈரமாக, கையில் துள்ளுகிற களவா மீனைத் தூக்கிக்கொண்டு அவன் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் டிக்கெட் எடுத்து வரத் தோன்றும். பின்னால் வாசிதியின் குரல் மட்டும் தீவு பாஷையில் வணக்கம் சொல்லிக் கேட்கும்: "புலா! புலா! எமோசி பாறைக்கு வாங்க! வந்தா திரும்பிப் போக மனசே வராது!"

அந்தப் பாறையின் பெயர் எமோசி பாறை இல்லை. ஊர் பிறந்த நாளிலிருந்து அதற்குத் தலைவர் கூடை என்றுதான் பெயர். ஊர்த்தலைவர் வீட்டு விசேஷத்துக்கு மீன் அங்கிருந்துதான் வரும். அதைப் பிடித்துக் கொடுப்பது எமோசியின் குலத்து வேலை. ஆனால் ஊர்ப் பாஷையில் அந்தப் பெயரைச் சொல்ல வெள்ளைக்காரர்களுக்கு நாக்குப் புரளவில்லை. எமோசி என்றால் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

டவுனுக்குப் போன தன் தம்பி ஃபோனில் இறக்கிக்கொண்டு வந்த அந்த வீடியோவைத் தலைவர் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எமோசி பாறையா? அடேயப்பா! எமோசி ராஜாகிட்ட சொல்லுங்க, இந்த ஏழைக்கு மத்தியானத்துக்கு ஒரு மீன் அனுப்பச் சொல்லி." எமோசி நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு மீன் அனுப்பினான். எப்படியும் படகில் ஏறுகிற முதல் மீன் தலைவர் வீட்டுக்குத்தான் போகும். அதில் அவன் ஒரு நாளும் தவறியதில்லை.

தலைவரின் தம்பி ராத்து தெவிதா. ராத்து என்பது தலைவர் குடும்பத்து ஆண்களுக்குப் பட்டம்; பெண்களுக்கு அதி. வாசிதியின் மலை ஊருக்கும் நாவுலோவுக்கும் ஆதியில் ஒரே தெய்வம் என்பதால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் கேலி உறவு. யார் யாரை என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால்தான் தப்பு. அதனால் ஊரே மரியாதையாகக் குனிந்து நடக்கிற ராத்து தெவிதாவை வாசிதி மட்டும் "கருவாட்டு ராஜா" என்று கூப்பிடுவாள். அவர் அவளை "மலைக்காரி" என்பார்.

"ஏ மலைக்காரி, தண்ணியில விழுந்துறாத. உன்னைத் தூக்குற அளவுக்குப் பெரிய வலை எங்க ஊர்ல இல்ல."

"நீங்க மொதல்ல குளிங்க, கருவாட்டு ராஜா. பூனையெல்லாம் உங்க பின்னாடியே வருது."

இருபது வருஷமாக இப்படித்தான். அவள் கல்யாணமாகி வந்த அன்றே, படகிலிருந்து இறங்கத் தெரியாமல் நின்றவளைப் பார்த்து அவர்தான் முதலில் "மலைக்காரி" என்று கத்தினார். புது ஊரில் தனியாக நின்றவளுக்கு அந்தக் கேலியைக் கேட்டபோதுதான் உயிர் வந்தது.

ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏறினால்தான் ஃபோனில் கோடு தெரியும். செம்மண் பாதை, மழையில் வழுக்கும். வாரா வாரம் ஏற முடியாது என்று வாசிதி மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போவாள். மரவள்ளித் துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்து வீடியோவையும் ஒரே மூச்சில் ஏற்றி, எந்த வெள்ளிக்கிழமை எது வெளியே வரவேண்டும் என்று அதிலேயே குறித்துவைத்துவிட்டு இறங்கிவிடுவாள். பிறகு ஃபோன் அலமாரியில் கிடந்தாலும் வீடியோ தானாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்த ஏற்பாட்டில் அவளுக்கு ரொம்பப் பெருமை. ஜனவரி மழையில் கடல் கலங்கி நல்ல மீன் கிடைக்கவில்லை. அதனால் ஆகஸ்டில் எடுத்துவைத்திருந்த பழைய களவா வீடியோ ஒன்றையும் சேர்த்து ஏற்றிவிட்டு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை காலையில் தலைவர் கண்ணை மூடிவிட்டார். நெஞ்சு வலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் தன் வேலை என்று ஒன்று இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் பாயும் கிழங்கும் பன்றியும் வந்து இறங்கின. மழை விடவில்லை. பெண்கள் தகரக் கொட்டகைக்குள் புகையில் கண்ணெரியச் சேப்பங்கிழங்கு சுரண்டினார்கள். வாசிதி மூன்று பானைக்குப் பொறுப்பு. ஃபோனை அணைத்துத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தவள், அப்புறம் அதை நினைக்கவேயில்லை. தலைவரின் மகள் அதி கெலேரா சிட்னியிலிருந்து வந்து, அடக்கம் முடிந்ததும் அழுத கண்ணோடு திரும்பிப் போனாள்.

அடக்கம் நடந்த அன்றே தலைவர் கூடைக்குத் தடை போட்டார்கள். நூறு ராத்திரிக்கு அந்தப் பாறையில் தூண்டில் விழக்கூடாது, வலை விழக்கூடாது, படகு நிற்கக்கூடாது. நூறாவது ராத்திரி கழிந்ததும் தடையைத் திறந்து, பிடிக்கிற மீனில் தலைவர் பெயரால் ஊருக்கே விருந்து. தடைக்கம்பை நடுவது மீன்பிடி குலத்தின் மூத்தவன் வேலை. எமோசிதான் போனான். கண்டல் கழியின் உச்சியில் கறுப்புத் துணியைக் கட்டிப் பாறை விளிம்பில் அடித்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டு துடுப்புப் போட்டே திரும்பி வந்தான். எஞ்சின் சத்தம் கேட்கக்கூடாது. தடையைத் திறக்கிற அன்றைக்கு முதல் வலையை இழுப்பதும் அவன் உரிமைதான். அவன் அப்பா இழுத்தார், அவர் அப்பா இழுத்தார்.

அடுத்த சனிக்கிழமை, கிழங்கு விற்க டவுனுக்குப் போயிருந்த நெதானி மதிய நேரத்தில் லாரியோடு திரும்பி வந்தான். எமோசிக்குத் தாய்மாமன் மகன். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வாசிதி பானை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே வந்தான்.

"தங்கச்சி, நேத்து வீடியோ ஏதாவது போட்டியா?"

"இந்தச் சாவுக்குள்ள எவண்ணே வீடியோ போடுவா? ஃபோன் அலமாரிக்குள்ள கிடக்கு."

"அலமாரிக்குள்ள கிடக்கற ஃபோன் போட்டுருக்கு. மார்க்கெட்ல தக்காளி விக்குற அம்மா காட்டுனா. உன் புருஷன் களவா மீனைக் கையில வெச்சுக்கிட்டு ஈன்னு சிரிக்கிறான். பின்னாடி நீ, எமோசி பாறைக்கு வாங்க, பாறை நிறைய மீனு, இன்னிக்கே வாங்கன்னு கூவுற. சுவாவுல பாத்துட்டாங்க, சிட்னில பாத்துட்டாங்க. தடை போட்டவனே தடையை முறிச்சிட்டான்னு பேச்சு."

வாசிதியின் கையிலிருந்த பானை சேற்றில் விழுந்து உருண்டது. குறித்துவைத்த வெள்ளிக்கிழமை! பாழாய்ப்போன வெள்ளிக்கிழமை!

"அடக் கடவுளே. அது ஆகஸ்ட்ல எடுத்ததுண்ணே."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். சிட்னில உக்காந்திருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்படியே ஈரக் கையோடு ஓடி ஃபோனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். தொட்டிச் சுவரில் சாய்ந்து ஃபோனைத் திறந்தால், அது கையில் நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. இதுவரை போட்டதிலேயே இந்த வீடியோவைத்தான் அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். நாலு பேருக்கு என்ன விலை, குழந்தைகளைக் கூட்டி வரலாமா, ஜூன் மாதம் இடமிருக்கா என்று கேள்விக்குமேல் கேள்வி. வேறு நாளாக இருந்தால் தொட்டியைச் சுற்றி ஆடியிருப்பாள். அதற்கு நடுவில் அதி கெலேரா ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "யார் பாறை?"

வாசிதி அதன் கீழே, "பழைய வீடியோ. ஆகஸ்டில் எடுத்தது. தெரியாமல் வந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று எழுதினாள். பிறகு யோசித்து, வீடியோவையே அழித்தாள். வரிசையில் நின்ற அடுத்ததையும் அழித்தாள். இறங்கி வரும்போது மழையில் முகம் நனைந்திருந்ததால், அழுதது யாருக்கும் தெரியவில்லை.

கிழங்குக் கொட்டகைக்கு முன்னால் ராத்து தெவிதா நின்றிருந்தார். முழங்காலிலிருந்து உச்சி வரை செம்மண்ணோடு வந்து நிற்கிற மலைக்காரியைப் பார்த்து அவர் என்னவெல்லாம் சொல்லியிருக்கவேண்டும்! 'மலை கூப்பிட்டுச்சா, திரும்பி ஓடிட்டியா' என்று தொடங்கி ஊரையே கூட்டியிருப்பார். அவள் அதற்காகவே நின்றாள். வைதாலும் பரவாயில்லை, கேலியாக ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று நின்றாள்.

அவர் தலையை லேசாக அசைத்து, "எமோசி வீட்டம்மா, மழையில நனையாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

நெதானி கொண்டுவந்த சேதி வாசிதிக்கு அதுவரை பாதிதான் உறைத்திருந்தது. அந்த 'ங்க'வைக் கேட்டபோது முழுக்க உறைத்தது.

வீட்டில் எமோசி பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெதானி வாசலில்.

"மச்சான், திமிங்கிலப் பல்லை எடு. கவா வேர் ஒரு கட்டு நான் தர்றேன். இப்பவே போய் தலைவர் தம்பி முன்னாடி வெச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருவோம்" என்றான் நெதானி.

"நான் எதுக்குடா மன்னிப்புக் கேக்கணும்? பல்லைக் கொண்டுபோய் வெச்சா என்ன அர்த்தம்? ஆமாய்யா, நான்தான் தடையில மீன் புடிச்சேன்னு அர்த்தம். எங்கப்பன் பாட்டன் யாரும் செய்யாததை நான் செஞ்சேன்னு என் வாயாலயே ஒத்துக்கணுமா? கம்பு நட்ட கைடா இது."

"நீ புடிக்கலேன்னு சொல்லிட்டு வை."

"புடிக்காதவன் எதுக்குப் பல்லு வெக்கறான்னு கேப்பாங்க."

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா இருக்கப்போறேன்."

வாசிதி கதவருகே உட்கார்ந்து கூந்தலிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டே சொன்னாள்: "சும்மா இருந்தா முதல் வலை போயிரும்ங்க."

எமோசி அவளைத் திரும்பிப் பார்த்தான். "உன்னை யாரு அதை மாசக்கணக்குல அடுக்கி வெக்கச் சொன்னா? சமையலா அது, முந்தின நாளே அரைச்சு வெக்கறதுக்கு?"

எப்போதும் அவள் பேசி அவன் கேட்கிற வீடு அது. அன்றைக்கு மழைதான் பேசியது.

எமோசி சும்மாத்தான் இருந்தான். ஆனால் ஊர் சும்மா இருக்கிற விதம் வேறு. யாரும் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. ராத்திரி கவா வேரைக் கரைத்துக் குடிக்கிற சபையில் போய் உட்கார்ந்தால் இடம் விட்டார்கள், சிரட்டை வந்தது, வழக்கப்படி கைதட்டினார்கள். அவன் வாயைத் திறந்தால் மட்டும் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். விருந்துக்கு எத்தனை வலை வேண்டும், எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது அவனைக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாத கடலா அது? திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்தான். மறுநாள் காலையில், "நெதானியைக் கவா கொண்டுவரச் சொல்லு" என்றான்.

தலைவர் வீட்டில் பாய்க்குமேல் பாயாக விரித்திருந்தது. தலைவர் உட்காருகிற இடத்தை வெறுமையாக விட்டு அதன் பக்கத்தில் ராத்து தெவிதா உட்கார்ந்திருந்தார். எமோசி குனிந்தபடி உள்ளே போய்த் திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் நெதானி. பெண்கள் உட்காரும் வாசல் பக்கம் வாசிதி, தான் பின்னிய ஒரு பாயை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்று தொடங்கினான் எமோசி. "வீடியோவால இந்த வீட்டுக்கு மனக்கஷ்டம் வந்துருச்சு. பல்லைக் கொண்டுவந்திருக்கோம். ஆனா ஒண்ணு சொல்லணும். அது ஆகஸ்ட்ல எடுத்தது. தடைக்கப்புறம் அந்தப் பாறைப் பக்கம் நான் போகல. கம்பு நட்ட கையால நான் மீன் புடிக்கல."

ராத்து தெவிதா பல்லை வாங்கக் கை நீட்டவில்லை.

"எமோசி, அதுல நீ தூக்கிப் புடிச்சிருக்கறது என்ன மீனு?"

"களவா."

"களவா அந்த அளவுக்குக் கூட்டமா வர்றது எப்ப?"

"ஆகஸ்ட்ல, ஐயா."

"ஜனவரில அப்படிக் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"இது எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல எவனுக்குத் தெரியாது? டவுன்ல, சிட்னில பேசறவன் பேசிட்டுப் போறான். நீ தடையில மீன் புடிச்சேன்னு இந்த வீட்ல ஒருத்தர் சொன்னோமா?"

எமோசி விழித்தான். நெதானியும் விழித்தான். இத்தனை நாள் ராத்திரியும் பகலும் ஆகஸ்டு ஆகஸ்டு என்று மாய்ந்துபோனது இதற்கா?

"அப்புறம் எதுக்கு, ஐயா..."

"பேரு," என்றார் ராத்து தெவிதா. "அந்தப் பாறைக்கு என்ன பேரு, எமோசி?"

பின்பக்கம் சமையல்கட்டில் யாரோ விறகு ஒடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் இருந்தப்ப சிரிச்சார். நானும்தான் சிரிச்சேன். சொந்தக்காரன் முன்னாடி உக்காந்திருக்கறப்ப, அடுத்தவன் வந்து இது என்னோடதுன்னா அது வேடிக்கை. அந்த ஆளைப் புதைச்ச ஈரம் காயல. அதுக்குள்ள எமோசி பாறைக்கு வாங்கன்னு உலகத்துக்கே கூவினா அதுக்குப் பேர் வேடிக்கையா? மேட்டுக்குப் போய் ஃபோன் பண்ணினா கெலேரா அழறா. அப்பாவைப் புதைச்சு ஒரு வாரம் ஆகல சித்தப்பா, அதுக்குள்ள அப்பா பாறை கை மாறிருச்சான்னு கேக்கறா. யார் பாறைன்னு எழுதிக் கேட்டாளாம். அதுக்கு ஆகஸ்ட்னு பதில் வந்துச்சாம்."

தொட்டிச் சுவரில் சாய்ந்து அந்த வரியைப் படித்தவள் வாசிதிதான். பதில் எழுதியவளும் அவள்தான். அங்கே பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. கேலி உறவுக்காரி என்பதால் அவள் பேசலாம், ஆனால் கேலிதான் பேசலாம். அவள் மடியிலிருந்த பாயை முன்னால் தள்ளிவிட்டு, தவழ்கிறாற்போல் நடுவுக்கு வந்தாள்.

"பேர் வெச்சது நான்தாங்க. அவருக்கு அதுல சம்பந்தமே இல்ல. மொத நாளே வேணாம்னார். நான்தான் கேக்கல. அவங்க வாயில நுழையலேன்னு சுலபமா வெச்சேன். விக்கிறதுக்கு வெச்ச பேரு, அது பாட்டுக்கு ஒட்டிக்கிச்சு. தலைவர் சிரிச்சதும் சரி ஒத்துக்கிட்டார்னு நெனச்சேன். அவர் போனப்புறம் அது இப்படிக் கேக்கும்னு என் புத்திக்கு எட்டல. தப்புதாங்க. அவரை எதுவும் சொல்லாதீங்க. முதல் வலையை மட்டும் அவர்கிட்டருந்து எடுத்துறாதீங்க." அதற்குமேல் பேச முடியாமல் மேல்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள்.

எமோசி பல்லைத் தாழ்த்தி ஏந்தினான். இந்த முறை ஆகஸ்ட் என்று சொல்லவில்லை. "தலைவர் கூடை, ஐயா. அந்தப் பாறைக்குப் பேர் தலைவர் கூடை. மறந்தது எங்க தப்பு" என்றான்.

ராத்து தெவிதா கை நீட்டிப் பல்லை வாங்கிக்கொண்டார். அதைத் தடவிப் பார்த்து, முகத்தருகே கொண்டுபோய், மன்னித்ததற்குச் சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நெதானி கவா கலக்கினான். முதல் வலையைப் பற்றி மட்டும் அவர், "அதை அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று நிறுத்திவிட்டார். கிளம்பும்போது வாசிதியிடம், "பாய் நல்லா பின்னியிருக்கீங்க" என்றார். பாராட்டுத்தான். ஆனால் அந்த 'ங்க' அவளுக்கு முதுகில் ஓர் அடி வைத்ததுபோல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மேட்டுக்குப் போய் ஒவ்வொரு வீடியோவாக அழித்தாள். இரண்டு வருஷத்து வேலை. ஒவ்வொன்றிலும் அவள் குரல் அதே பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. குரலை மட்டும் எடுத்துவிட்டுப் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்று நெதானி சொன்னான். அவள் கேட்கவில்லை. ஜூனில் இடமிருக்கா என்று கேட்டவர்களுக்கெல்லாம், துக்கம் நடக்கிறது, மன்னிக்கவும் என்று எழுதினாள். படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த 'எமோசி பாறை'யில் 'பாறை'யைச் சுரண்டிவிட்டுப் 'படகு' என்று எழுதினாள். நீலம் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. இரண்டாவது வார்த்தை கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.

பிறகு வருமானம் இல்லாத மாதங்கள். எமோசி தேங்காய் வெட்டிக் கொப்பரை போட்டான். வாசிதி கண்டல் சேற்றில் நண்டு பிடித்து நெதானியின் லாரியில் டவுனுக்கு அனுப்பினாள். சாயங்காலம் ஆனால் எமோசி பெரிய வலையை எடுத்துப்போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பார்ப்பான். கிழியாத இடத்தையும் தைப்பான்.

"யாரும் கேக்கலியே உங்களை," என்றாள் ஒரு நாள்.

"கேட்டா அப்ப கிழிஞ்சிருந்தா என்ன பண்ணுவ?"

அவள் எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வலை தைக்கத் தெரியாது. பிடித்துக்கொள்ளத் தெரியும்.

நூறு ராத்திரியும் கழிந்தது. மழைக்காலம் போய்க் கடல் தெளிந்திருந்தது. விடிந்ததும் ஊரே கரையில் நின்றது. அடுப்புக் குழிகளில் கல் சுடவைத்தாகிவிட்டது. விருந்துக்காக அதி கெலேரா சிட்னியிலிருந்து வந்திருந்தாள். வாசிதி பெண்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றாள். ஃபோன் இடுப்பில் செருகியிருந்தது. ஏன் எடுத்து வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையைப் பிரித்தார்கள். இழுக்கிற முனை யார் கையிலும் இல்லாமல் படகில் கிடந்தது. எமோசி மற்றவர்களோடு மற்றவனாக ஓரத்தில் நின்றான். ராத்து தெவிதா படகருகே போய் அந்த முனையைக் கையில் எடுத்தார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார்: "கம்பை நட்டவன் எங்கடா? புடுங்கறதுக்கு வேற ஆளா வருவான்?"

எமோசி தண்ணீரை உழுதுகொண்டு போனான். படகில் ஏறிப் பாறை விளிம்புக்குப் போய்க் கறுப்புத் துணியோடு கம்பைப் பிடுங்கினான். வலை முனையைத் தோளில் போட்டுக்கொண்டான். வாசிதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்போது மழை இல்லை, எல்லாருக்கும் தெரிந்தது. தெரியட்டும் என்று அழுதாள்.

வலை வளைந்து வளைந்து கரைப் பக்கமாகச் சுருங்கியது. நூறு ராத்திரி யாரும் தொடாத பாறை. தண்ணீர் கொதிக்கிறாற்போல் மீன் துள்ளியது. எமோசி முதல் மீனைத் தூக்கினான், நல்ல பெரிய விளமீன். தன்னை மறந்து அதே பழைய சிரிப்பைச் சிரித்தான். வாசிதியின் கை தானாக இடுப்பை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"ஏ மலைக்காரி!"

கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இடுப்பளவு தண்ணீரில் ராத்து தெவிதா நின்றுகொண்டிருந்தார்.

"புருஷன் இளிக்கிறான், பாத்துட்டு மரம் மாதிரி நிக்கிற! ஃபோன் எங்க? இல்ல, அதையும் நண்டுக்குத் தீனியாப் போட்டுட்டியா?"

வாசிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்களை விலக்கி முன்னால் வந்தாள். இடுப்பில் சுற்றிய சுலுத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முட்டிக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. பயத்தை மறந்து ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள்.

"புலா! புலா!" குரல் முதலில் உடைந்தது, பிறகு சரியானது. "அது எமோசி. அது எமோசி படகு. இந்தப் பாறை எங்களோடது இல்லீங்க. இதுக்குப் பேர் தலைவர் கூடை. இன்னொரு தடவை சொல்றேன், சொல்லிப் பழகிக்குங்க, தலைவர் கூடை! நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இங்க மீன் புடிக்கிறோம்."

"எங்க கேட்ட? இன்னிக்கு நீ கேக்கவே இல்லியே!" என்று தண்ணீரிலிருந்து ராத்து தெவிதா கத்தினார்.

"குளிக்காதவங்க கிட்டல்லாம் நான் கேக்கறதில்ல, கருவாட்டு ராஜா!"

கரையும் கடலும் சேர்ந்து சிரித்தன. அதி கெலேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எமோசி முதல் மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எப்போதும்போல் தலைவர் வீட்டை நோக்கி நடந்தான்.

அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. பாதிக்குமேல் ஆட்டம்தான். எடுத்தவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.